மஞ்சள் துணியில் முடிந்த சேதுக்காசு

வடகடலின் உவர்நீர் நிலத்தின் நடுவே நீளப் புகுந்து, தொண்டைமானாறு என்னும் பெயர் தாங்கி, ஓடாத ஆறாய் ஒளிவீசிக் கிடக்க, அதன் கரையிலமர்ந்த செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் மணி உச்சிப்பொழுதை ஊர்க்கெல்லாம் உரைத்து ஓய, ஆவணி வெயில் வடமராட்சி மணலெங்கும் வெளிறிப் பரந்து பனைகளின் நிழலை அவற்றின் அடியிலேயே ஒடுக்கி வைத்திருந்த நண்பகல் அது. கரையில் வலைகள் காய்ந்தன. வலைக்குரியோர் உண்டு கண்ணயர்ந்தனர். தெற்கே உடுப்பிட்டித் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கிய பாத்திகள் வெறுமையாய் விரிந்து கிடக்க, நீரிறைக்கும் பொறிகளும் வாய்மூடி இளைப்பாறின. இவ்வாறு உயிர்களெல்லாம் ஓய்ந்திருந்த அப்பொழுதில், உடுப்பிட்டியில் ஒரு கல்வீட்டினுள் மட்டும் அலுமாரிக் கதவு அறைபடும் ஓசையும், பெட்டிகள் கவிழும் ஓசையும், இவற்றுக்கு மேலாக, “எங்கை போச்சுது? எங்கைதான் போச்சுது?” என்னும் ஆண்குரலும் இடைவிடாது எழுந்து அயலாரின் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தன.

அக்குரலுக்குரியவர் குலசிங்கம். பருத்தித்துறைப் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராய்ப் பணியாற்றி, ஊதுகுழலை உதட்டிலும் கைக்கடிகாரத்தைக் கண்ணிலும் வைத்து, ஒரு வண்டி கணப்பொழுது பிந்திப் புறப்பட்டாலும் ஓட்டுநரின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசும் ஒழுங்குடையவர். அவர் சட்டைப்பையில் எழுதுகோல் சாய்ந்து நின்றதை எவரும் கண்டதில்லை. ஆயினும், கற்றறிந்த நண்பர்களே, ஊருக்கு உரைக்கும் அறம் தன் வீட்டு வாயிலில் செருப்போடு நின்றுவிடுவது உலகியல்பன்றோ! இவ்வளவு ஒழுங்குடைய மனிதர் தம் நெஞ்சுக்கு உகந்த ஒரே இன்பமாகிய பழங்காசு சேர்த்தலில் மட்டும் ஒழுங்கின் நிழலைக்கூட அண்டவிட்டாரில்லை.

தகர விசுக்கோத்துப் பேணியொன்று அவரது கருவூலமாயிருந்தது. (அச்சொல்லைப் பொறுத்தருளுங்கள், அதற்கு நற்றமிழ் தேடி யான் எழுதினால் அவருடைய மனைவிக்கே விளங்காது.) அதனுள் ஒல்லாந்தர் காலத்துச் செப்புத் துட்டுகளும், வெள்ளையர் அரசியின் முகம் தேய்ந்த அரைச்சதங்களும், சுவிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் விடுமுறைக்கு வந்த உறவினர் பையின் அடியிலிருந்து பொறுக்கிக் கொடுத்த சில்லறையும், யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட, காளை படுத்திருக்கச் ‘சேது’ என்னும் எழுத்துப் பொறித்த செப்புக்காசுகளும் உழுந்தும் பயறும் ஒரே சாக்கில் கொட்டுண்டாற்போலக் கலந்து கிடந்தன. எது எங்கிருந்து வந்தது, எவர் தந்தது, எத்தனை உண்டு என்று கேட்டால் அவர் பேணியைக் குலுக்கிக் காட்டுவார். அந்த ஓசையே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

இந்நிலையில், தெல்லிப்பழையில் மருந்துக்கடை நடத்திய தேவராஜா என்பவர், தம்மைப்போன்ற காசு விரும்பிகள் சிலரைக் கூட்டி வட்டமொன்று அமைத்து, யாழ் நகரில் கண்காட்சியொன்று நடத்தத் துணிந்தார். கிறித்தவராகிய வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து, தாளில் கோடு போடாமல் கையெழுத்துக்கூட வைக்காத இவர், குலசிங்கத்துக்கு ஒத்த வயதினர், நெடுநாள் நண்பர். ஒருநாள் உடுப்பிட்டிக்கு வந்து பேணியைத் திறந்து பார்த்தவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தலையை இருபுறமும் ஆட்டினார்.

“குலசிங்கம், உம்மட்டை இல்லாத சாமான் ஒண்டும் இல்லை, ஆனா முழுசா இருக்கிற சாமானும் ஒண்டும் இல்லை. ஆத்திலை போட்டாலும் அளந்து போடவேணும் எண்டு உங்கடை ஆக்கள்தானே சொல்லிறவை? ஒரேயொரு வரிசையைப் பிடியும். அதை முடியும். முழு வரிசை வைச்சிருக்கிறவருக்குத்தான் நடுக் கண்ணாடிப் பேழை தருவன். இந்தக் குப்பைக்குத் தரமாட்டன்.”

‘குப்பை’ என்னும் அச்சொல் குலசிங்கத்தின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அன்றே அவர் உறுதி பூண்டார். உறுதி பூண்பதென்றால் நம் குலசிங்கத்துக்குக் கேட்கவும் வேண்டுமோ! பேருந்துகளுக்கு வகுப்பதுபோலவே காசுகளுக்கும் கால அட்டவணை வகுத்துச் சுவரில் ஒட்டினார். சேதுக்காசு ஒன்றையே சேர்ப்பது; பெரியதிலிருந்து சிறியதுவரை, அளவுக்கு ஒன்றாய் ஒரு வரிசை அமைப்பது; மற்றெதையும் ஏறெடுத்தும் பாராதிருப்பது; பழங்காசைப் புளியிட்டோ சாம்பலிட்டோ, துணியால்கூடவோ, ஒருபொழுதும் தேய்க்காதிருப்பது. இவை அவர் தமக்குத் தாமே விதித்த கட்டளைகள். தச்சரைக்கொண்டு வேப்பம்பலகையொன்றில் வட்டக்குழிகள் குடைவித்து, கருநிற மென்துணி விரித்து, குழிக்கொரு காசாய்ப் பதிக்கத் தொடங்கினார்.

அதன் பின் அவர் பட்ட பாட்டை என்னென்று சொல்வேன்! வரிசைக்கு வேண்டிய ஒவ்வொரு சேதுக்காசுக்கும் ஈடாகத் தாம் காதலித்த ஒல்லாந்தத் துட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பிறர் கையில் வைத்து, வைத்த கையை மீட்க மனமின்றி, வீடு திரும்பி உணவு கொள்ளாது படுத்தார். கனடாக் காசும் போயிற்று. அரசி முகக் காசும் போயிற்று. இறுதியில் பேணியும் வெறுமையாகி, உதயகலாவின் அடுக்களையில் மிளகாய்த்தூள் கொள்ளும் கலமாயிற்று. உதயகலா என்பவர் அவர் மனைவி, அதிகம் பேசாதவர், பேசினால் மறுமொழிக்கு இடம் வையாதவர். பேணி கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சியே.

இங்ஙனம் எல்லாவற்றையும் கைமாற்றித் தீர்த்து ஒழுங்கின் உச்சியை எட்டிய குலசிங்கத்தின் பலகையில், கண்காட்சி நெருங்கிய வேளையிலும், கடைசிக் குழி ஒன்று வாய்பிளந்து நின்றது. சிறுவிரல் நகத்தளவேயான மிகச்சிறு சேதுக்காசு அது. கொழும்பில் கேட்டார், இல்லை. மன்னாரில் கேட்டார், இல்லை. தேவராஜாவோ, “குழியோடை கொண்டுவந்தால் பேழை இல்லை, அதை இப்பவே சொல்லிப்போட்டன்,” என்று மருந்துச் சீட்டுக்கு விடை சொல்வதுபோல் சொல்லிவிட்டார். பல்லைக் கடித்தபடி பணிக்குப் போய், பல்லைக் கடித்தபடி திரும்பினார் நம் நேரக்காப்பாளர். அவர் வாழ்நாளில் முதன்முறையாக அந்நாட்களில் ஒரு பேருந்து பிந்திப் புறப்பட்டது, அவர் கவனிக்கவில்லை.

அப்படி வந்த ஒரு நண்பகலில்தான், உணவின் நடுவே, பிசைந்த சோறு கையில் நிற்க, நெஞ்சில் ஒரு நினைவு பளிச்சிட்டது. அந்தச் சிறுகாசு தம்மிடமே இருந்ததன்றோ! ஈராண்டுக்கு முன் டெங்கு என்னும் நுளம்புக் காய்ச்சலால் தாம் படுக்கையில் வீழ்ந்த கிழமை, கிணறு தூர்வார வந்த ஒருவர் சேற்றில் கண்டெடுத்துத் தம் உள்ளங்கையில் வைத்தாரன்றோ! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாயிற்றே என்று எழுந்தவர், கைகழுவவும் மறந்து வீட்டைப் புரட்டலானார். அவ்வோசையே நாம் முதலில் கேட்டது.

கிணற்றடியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றார் உதயகலா. “இஞ்சருங்கோ, என்னத்துக்கு வீட்டைத் தலைகீழாக்கிறியள்? என்னத்தைத் தேடுறியள்?”

“ஒரு சின்னச் செப்புக்காசு. நகத்தளவு. எனக்கு டெங்கு வந்த கிழமை கிணறு இறைச்சுத் தூர்வார வந்த மனிசன் தந்தது. கண்டனியோ?”

“ஓம். அது சாமியறையிலை கிடக்கு. உந்த மஞ்சள் முடிச்சுக்குள்ளை.”

யாழ்ப்பாணத்து வீடுகளில், உயிருக்கு ஊறு நேரும் வேளையில், காசொன்றைக் கழுவி மஞ்சள் பூசி, மஞ்சள் தோய்த்த துணியில் முடிந்து, இறைவன் திருவுருவின் முன் வைத்து, ‘இவரை எழுப்பித் தா, இதை உன் உண்டியலில் சேர்க்கிறோம்’ என்று நேர்ந்துகொள்வது பெண்களின் வழக்கம். குலசிங்கத்தின் குருதியில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போக, மருத்துவர் முகம் இருண்ட நாளில், உதயகலாவும் அவ்வாறே சந்நிதி முருகனுக்கு நேர்ந்தார். எழுந்து நடந்து அவரே தம் கையால் போடவேண்டும் என்பதும் அந்நேர்த்தியின் பகுதி. அவர் எழுந்தார், நடந்தார், ஊதுகுழலும் ஊதினார். ஆனால் நேர்த்தியை அறிந்தும், முடிச்சினுள் எந்தக் காசு என்று கேளாமலே, சந்நிதிக்கு மட்டும் போனாரில்லை. தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும், விடுப்புக் கிடைக்கட்டும் என்று தள்ளித் தள்ளி ஈராண்டு ஓடிற்று. சுவரில் ஒட்டிய அட்டவணையில் எத்தனையோ கட்டங்கள் இருந்தும் இதற்கொரு கட்டம் இல்லாதிருந்ததை எண்ணும்போது எனக்கே சினம் மூளுகிறது.

“வேறை காசொண்டு வைச்சு முடிவம், கலா. முருகனுக்கு எல்லாக் காசும் ஒண்டுதானே?”

“முருகனுக்கு ஒண்டுதான். எனக்கு ஒண்டில்லை. காய்ச்சலிலை நீங்கள் புலம்பேக்கையும் அந்தக் காசைத்தான் கையுக்குள்ளை பொத்தி வைச்சிருந்தனீங்கள். இதிலும் விருப்பமான பொருள் இவருக்கு இல்லையெண்டுதான் அதை எடுத்து நேர்ந்தனான்.”

“என்னை ஒரு சொல்லுக் கேட்டனியோ?”

“நீங்கள் கேக்கிற நிலையிலையோ கிடந்தனீங்கள்?” ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். “எல்லா பஸ்சுக்கும் நேரம் வைச்சிருக்கிறியள். சந்நிதிக்குப் போற பஸ்சுக்கு மட்டும் நேரமில்லை. முடிச்சிலை கை வையாதையுங்கோ, சொல்லிப்போட்டன்.”

“சரி, சரி. கண்காட்சி முடியட்டும். போவம்,” என்றார் குலசிங்கம். அச்சொல்லை அப்போது அவர் உண்மையாகவே சொன்னார் என்று நம்புவோம். ஆனால் அன்றிலிருந்து அவர் கண் பலகையின் குழிக்கும் சாமியறைக் கதவுக்குமாக அலைந்துகொண்டிருந்தது. அவள் எதை எடுத்து நேர்ந்தால் என்ன, பொருள் என்னுடையதன்றோ என்று ஒருகால் சினந்தார். கண்காட்சிக்குப் பின் திருப்பி வைத்தால் யார் அறிவார் என்று ஒருகால் ஆறினார். தனக்கென்று வந்துவிட்டால் ஞாயம் எத்தனை கிளை விடுகிறது பாருங்கள்!

உதயகலா அயல்வீட்டுக் கலியாணத்துக்குப் பலகாரம் சுடப் போயிருந்த ஒரு முற்பகலில், குலசிங்கம் சாமியறையுள் புகுந்தார். முடிச்சை அவிழ்த்தார். ஆகா, எத்துணை அழகிய காசு! காளையின் திமிலும் திமிலின் மேற்பிறையும் நேற்றுப் பொறித்தவைபோல் தெளிந்திருந்தன. எழுத்துக் குழியில் மஞ்சள் சிறிது உறைந்திருந்தது; துடைக்கக் கை எழுந்தது; பழங்காசைத் தேய்க்கலாகாது என்னும் தம் கட்டளை நினைவுக்கு வர, துடைக்காது விட்டார். திருட்டிலும் ஒழுங்கு தவறாத மனிதர்! மாற்றாக வைக்கப் பழங்காசொன்று தேடினார். ஒழுங்கின் பெயரால் அனைத்தையும் பிறர்க்குக் கொடுத்துத் தீர்த்திருந்ததால் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே சட்டைப்பையில் கிடந்த ஒரு ரூபாய்க் குற்றியை மஞ்சள் துணியில் வைத்து, முன்போலவே முடிந்து, முன்கிடந்த இடத்திலேயே கிடத்திவிட்டு வெளியே வந்தார். கடைசிக் குழி நிறைந்தது. அவர் நீண்ட நேரம் பலகையைப் பார்த்திருந்தும், எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை.

கண்காட்சி தொடங்கிய காலையில், நகரத்து மண்டபத்தின் நடுக் கண்ணாடிப் பேழையுள், பெரியதினின்று சிறியதாய் இறங்கும் சேதுக்காசுகளின் வரிசை குறையின்றி ஒளிர்ந்தது. உதயகலாவும் வந்திருந்தார். கணவரை நாலுபேர் போற்றுவதைக் காணவேண்டும் என்னும் ஆவல் முகத்தில் தெரிய, கூறைச்சேலைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்து வந்து, வரிசையின் பெருமிதம் தமக்கும் உரியதுபோல் பேழையருகே நின்றார். கண்ணாடிக்குள் சிறு புள்ளிகளாய்க் கிடந்த காசுகளில் கடைசியது வேறெங்கோ கிடைத்தது என்று எண்ணியமையால் அவர் எதையும் ஐயுறவில்லை. தேவராஜா உருப்பெருக்கியை விழியில் வைத்துக் குனிந்து, ஒவ்வொன்றாய்ப் பார்த்து, கடைசிக் காசில் வந்து நின்றார்.

“எங்கடை வட்டத்திலை இதுதான் முதல் முழு வரிசை. குலசிங்கம், உம்மைக் குப்பை எண்டு சொன்ன வாயாலையே சொல்லுறன், கெட்டிக்காரன்!” என்றவர், மீண்டும் குனிந்தார். “ஆனா இந்தச் சின்னனிலை, எழுத்துக் குழியுக்குள்ளை மஞ்சளா ஏதோ கிடக்குது. மண்ணில்லை. கறிமஞ்சள் மாதிரிக் கிடக்கு. பழங்காசுக்கு ஆர் ஐசே மஞ்சள் பூசினது?”

கேட்டவர் நகைத்தார், சூழ நின்றோரும் நகைத்தனர். குலசிங்கம் வாய் திறக்குமுன், “நான்தான் பூசினது, அண்ணை,” என்றார் உதயகலா.

பின்னர்க் கைப்பையைத் திறந்து, அதனுள்ளிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தார். கண்காட்சி பார்த்துத் திரும்பும் வழியில் இருவருமாய்ச் சந்நிதிக்குப் போய்விடலாம் என்று எண்ணி அதைக் கொண்டுவந்திருந்தார் அவ்வம்மையார். முடிச்சை அவிழ்த்தார். ஒரு ரூபாய்க் குற்றி உள்ளங்கையில் வீழ்ந்தது. அதைச் சிறிதுநேரம் பார்த்து, கண்ணாடிப் பேழையின் மேல் ஓசையின்றி வைத்து, துணியை மடித்துப் பைக்குள் இட்டு, எவரையும் நோக்காது மண்டபத்தை விட்டு வெளியேறினார். தேவராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும் ஏதோ நேரக்கூடாதது நேர்ந்தது என்பது மட்டும் விளங்கி, உருப்பெருக்கியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு விலகினார்.

குலசிங்கம் விரைந்து ஓடி, பேருந்தில் மனைவியருகே அமர்ந்து, “கலா, ஒரு சொல்லுக் கேள்,” என்று தொடங்கினார்.

“கதையாமல் வாங்கோ,” என்றார் அவர். உடுப்பிட்டி வரையும் முகத்தைச் சாளரப் பக்கமே வைத்திருந்தார்.

வீடு வந்ததும், பொறுக்கமாட்டாது, “கண்காட்சி முடிஞ்ச உடனை எடுத்துக்கொண்டுபோய்ச் சந்நிதியிலை போடுறன். ஆணையா, என்ரை கையாலை போடுறன்,” என்று மன்றாடினார்.

உதயகலா சேலையை மடித்துக்கொண்டே மறுமொழி சொன்னார். “போடுங்கோ. போடாமல் விடுங்கோ. நான் முடிஞ்சு வைச்சது அது இல்லை இப்ப. அவிட்ட பிறகு அது சும்மா காசு. ஒண்டு மட்டும் சொல்லுறன், கேளுங்கோ. இனி உங்களுக்கெண்டு நான் ஒண்டும் நேரமாட்டன்.”

அச்சொல்லின் நிறையை அப்பொழுது அவர் அறிந்தாரில்லை. கோபம் ஆறிவிடும், காலம் ஆற்றும், கோயிலுக்குப் போய்வந்தால் எல்லாம் சரியாய்விடும் என்று கணக்கிட்டார். கண்காட்சி முடியுமுன் பேழை திறக்கப்படலாகாது என்னும் விதிக்கு இசைந்து கையொப்பமிட்டிருந்தமையால், முடியும்வரை நகத்தைக் கடித்துக் காத்திருந்து, காசைப் பெற்றுக்கொண்டு, மறுநாட் காலையே தனியராய்த் தொண்டைமானாற்றுக்குச் சென்றார். அங்கே, வெண்துணியால் வாய்கட்டிப் பேசாது வழிபாடியற்றும் பூசகர் திருமுன் நின்று ஒளிகாட்ட, அடியார் கூட்டம் கைகுவித்து நிற்க, குலசிங்கம் உண்டியலருகே சென்று, காசைக் கடைசியாய் ஒருமுறை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மஞ்சள் அப்படியே இருந்தது. ஈற்றில் விரலை விட்டார். சில்லறைகளின் மேல் அது வீழ்ந்த ஓசைகூடக் கேட்கவில்லை. வரிசையும் போயிற்று என்று வாய்விட்டே புலம்பிக்கொண்டு, திருநீற்றை வெற்றிலையில் வாங்கித் திரும்பினார்.

உதயகலா திருநீற்றை வாங்கி நெற்றியில் இட்டார். “நல்லது. சாப்பிட வாங்கோ,” என்றார். சினமில்லை, பழிச்சொல்லில்லை. முருகன் ஏற்றுக்கொண்டதை அவ்வம்மையார் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை அவர் முகத்தைக் கண்டு எவரும் அறிந்திருக்க முடியாது.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமையில் குலசிங்கத்துக்குக் காய்ச்சல் கண்டது. உதயகலா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். மருத்துவரிடம் கூட்டிச் சென்றார். விழித்திருந்து ஈரத்துணி வைத்தார். மருந்துக் குளிசைகளை உரிய பொழுதில் ஒன்றும் பிந்தாது நீட்டினார். நேரக்காப்பாளரே குறைகாண முடியாத ஒழுங்கு அது. மழை கூரையில் இரைந்த ஒரு பிற்பகலில், குலசிங்கம் தலையைத் தூக்கி, கதவினூடே சாமியறையை நெடுநேரம் நோக்கியிருந்தார். விளக்கு எரிந்தது, பூ இருந்தது, வேறொன்றும் இல்லை.

“கலா,” என்றார் மெல்ல. “முந்தின மாதிரி… ஏதும் நேர்ந்தனியோ?”

“இல்லை,” என்றார் உதயகலா, போர்வையைச் சரிசெய்தபடி. “சாதாரணக் காய்ச்சல் எண்டு டொக்டர் சொன்னவர். நேரத்துக்குக் குளிசை போட்டால் மாறும்.”

மருத்துவர் சொன்னவாறே காய்ச்சல் மாறிற்று. குலசிங்கம் எழுந்தார், நடந்தார், பேருந்துகள் உரிய பொழுதில் புறப்பட்டன. நண்பர்களே, காசுக்கு ஒழுங்கு வேண்டும். காலத்துக்கு ஒழுங்கு வேண்டும். ஒழுங்கில்லாதவன் வாழ்வு பாழ் என்பதை யான் மறுக்கவில்லை. ஆனால் நாம் நினைவிழந்து கிடக்கும்போது நம் பொருட்டு ஒருவர் அஞ்சி நடுங்கி இறைவனிடம் பேரம் பேசும் அன்பு, நம் அட்டவணைக்கு அடங்கி வருவதன்று. இழந்தபின் எத்துணைத் திட்டம் வகுத்தும் தேடிச் சேர்க்கக் கூடியதுமன்று. குலசிங்கம் அதன்பின் பலமுறை நோயுற்றார். ஒவ்வொரு முறையும் உரிய மருந்தாலேயே நலம் பெற்றார்.